கைப்பிடிக்கு அடியில் இருந்த பெயர்

மகள் இமானியின் பள்ளிப் பட்டமளிப்புப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியபோது என் வீட்டில் நானே திருடுகிற மாதிரி இருந்தது. கல்யாணப் படம், மாமனார் ராணுவ உடையில் நிற்கும் படம், எங்கள் தேவாலயத்தின் நாள்காட்டி, எங்கள் சுருட்டை முடிக்குப் போடும் எண்ணெய் டப்பா எல்லாம் கார் டிக்கிக்குள் போயின. காலி ஆணிகளில் வென்டி தன் குடும்பப் படங்களை மாட்டினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பதினோரு வருஷமாக என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரி. இன்று ஒருநாள் இந்த வீட்டுக்காரி அவள்தான்.

போன மாதம் வீட்டுக்கு மதிப்புப் போட வங்கி அனுப்பிய ஆள் என்னையும் என் கணவர் க்ளியோட்டிஸையும், எங்கள் கறுப்பு நிறத்தையும் பார்த்தார். ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் வெள்ளைக்காரர் தெருவில் இதே மாதிரி வீடு போகும் விலையில் பாதியை எழுதிவிட்டுப் போனார். அதற்குக் கிடைக்கும் கடனில் இமானியின் நர்சிங் படிப்புக்குக் கடைசி வருஷம் கட்ட முடியாது. மாமனார் காலத்திலேயே சிகாகோ வரைபடத்தில் எங்கள் தெருவைச் சிவப்பு மை தீட்டி, கறுப்பர் தெருவுக்குக் கடன் கிடையாதென்று ஒதுக்கியவர்கள்தானே. இப்போது வேறு வங்கி, வேறு ஆள். நல்லவேளை, பத்திரம் என் பெயரில் இருந்தது. ரூத் காலின்ஸ் எந்த நிறத்துக்கும் பொருந்தும்.

இன்று வந்த ஆள் உள்ளே இருந்தவரை நாங்கள் தெருமுனையில் காருக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தோம். திடீரென்று க்ளியோட்டிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"படிக்கட்டுக் கைப்பிடிக்கு அடியில என் பேரச் செதுக்கி வச்சிருக்கேன் ரூத். மறந்தே போச்சு."

மூன்று குளிர்காலம் உட்கார்ந்து ஓக் மரத்தில் அவர் இழைத்த கைப்பிடி. அந்தப் பெயரை எங்கள் ஆட்கள் தவிர யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை.

ஆள் போனதும் வென்டி வந்தாள். பெயர் அவர் கண்ணில் படவில்லையாம். கைப்பிடியை மட்டும் தடவித் தடவிப் பார்த்தாராம்.

"யாரு செஞ்சதுன்னு கேட்டாரு, க்ளியோ." அவள் தரையைப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர்னு சொல்லிட்டேன். நல்ல கைன்னாரு."

அவள் புருஷனுக்கு ஓர் ஆணி நேராக அடிக்கத் தெரியாது. க்ளியோட்டிஸ் அவளுக்கு நன்றி சொன்னார்.

எதற்கும் இருக்கட்டுமென்று வென்டியின் படங்களைக் கழற்றவில்லை. எட்டாம் நாள் கடிதம் வந்தது. முன்பு போட்ட மதிப்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரிபார்க்க வியாழக்கிழமை இன்னொருவர் வருவாராம். இமானிக்குப் போன் போட்டேன், அவள் அழுதாள். சந்தோஷத்தில் எங்கள் படங்களை எடுத்துவரக் கிளம்பினேன்.

"இப்ப மாட்டாத, வியாழன் போகட்டும்," என்றார் க்ளியோட்டிஸ்.

உப்புத்தாளை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் கைப்பிடிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். தேய்க்கத் தேய்க்க மரத்தூள் அவர் நெற்றியிலும் இமையிலும் விழுந்துகொண்டிருந்தது. சுவரில் வென்டியின் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தான்.