வாசல் வரை வந்த சாலை

மின்சாரம் விடிந்ததுமே போய்விட்டது. அருணாதேவி மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தையல் மெஷினைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். தீபம் நெருங்கிவிட்டால் திருவண்ணாமலையில் தையல் வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. கட்டில் மேல், நாற்காலி மேல், டிவி மேல் என்று எங்கு பார்த்தாலும் ஹூக் வைக்க வேண்டிய ரவிக்கைகள் கிடந்தன. வெளியே முந்தின நாள் பிடித்த மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

அவள் கணவன் குமரேசன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அன்று லீவு விட்டிருந்ததால் கைலியோடு உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் ரெட் அலர்ட்டுனு மெசேஜ் வந்திருக்குது" என்றான். "போன தடவையும் இதே மாதிரி பயமுறுத்தினாங்க. லீவு விட்ட அன்னிக்கு வெயில் கொளுத்துச்சு."

"புயல் கரையைத் தாண்டிடுச்சுனு நியூஸ்ல சொன்னாங்களே."

"தாண்டிடுச்சு. கரை ஏறினா அதுக்கு உசிரு போயிடும். கடல் எங்க இருக்குது, நாம எங்க இருக்கோம்? இங்க வந்து என்ன பண்ணிடப் போவுது?"

அருணாதேவிக்கும் அது சரியாகத்தான் பட்டது. புயல் என்றால் மீன்பிடிக்கிறவர்கள் பயப்பட வேண்டிய விஷயம் என்றே அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அந்தப் புயல் கரையைக் கடந்த பிறகும் கலையாமல், தரை மேலேயே நின்று கொட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

அப்போது தங்கை தென்றலிடமிருந்து போன் வந்தது.

ஊரை ஒட்டிய வேங்கிக்காலுக்குப் பின்னால் புதிதாக உருவான அந்தக் குடியிருப்பு நகரில், அக்கா இருந்த அதே தெருவின் கீழ்க்கோடியில்தான் தென்றல் குடியிருந்தாள். தனியார் லேப் ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. கணவன் மாறனுக்கு பெங்களூரில் வேலை. வாரத்துக்கு ஒரு முறை வருவான். பெற்றவர்கள் போன பிறகு தங்கையும் அவள் பிள்ளை இனியனும் கண்ணெதிரே இருக்கட்டும் என்று அருணாதேவிதான் அந்த வீட்டைத் தேடிப் பிடித்துக் குடிவைத்தாள்.

"அக்கா, வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. நான் உன் வீட்டுக்கு வந்துடட்டுமா?"

"புள்ளைக்கு ஜுரம் எப்படி இருக்குது?"

"கம்மியாயிருக்குது. ஆனா உடம்பு இன்னும் கதகதனுதான் இருக்குது."

"அப்ப ஏண்டி இந்த மழையில தூக்கிக்கினு வர்றேன்ற? நனைஞ்சா திரும்பவும் ஜாஸ்தியாயிடும். கொஞ்சம் விடட்டும். மாமாவைக் குடை எடுத்துக்கினு அனுப்பறேன்."

"சரிக்கா" என்றாள் தென்றல். அக்கா சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

அருணாதேவி போனை வைத்துவிட்டு ரவிக்கையை எடுத்தாள். அவள் தவறாக எதையும் நினைக்கவில்லை. ஜுரத்தில் கிடக்கும் குழந்தை நனையக்கூடாது என்று மட்டுமே நினைத்தாள்.

மழை விடவில்லை. ஓட்டில் அடிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் மாறி, லாரி லாரியாக ஜல்லி கொட்டுவதுபோல் இரைந்தது. எதிர்வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்ய வேண்டிய மழை முழுவதும் அந்த ஒரே பகலில் இறங்கியது. குமரேசன் ஜன்னலைத் திறந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அருணா, தெருவில தண்ணி ஓடுது. ஆறு மாதிரி ஓடுது."

அந்தத் தெருவின் ஓரத்தில் முன்பு ஓர் ஓடை இருந்தது. மலைப்பக்கத்திலிருந்து வரும் மழைநீர் அதன் வழியாகத்தான் ஏரிக்குப் போகும். ஆனால் பல வருஷமாக அதில் குப்பையும் முள்செடியும்தான் கிடந்தன. ஓடையைத் தூர்த்தால் தெரு அகலமாகும், வாசல் வரைக்கும் கார் வரும் என்று தெருக்காரர்கள் பேசினார்கள். நகர் சங்கத் தலைவர் ஆதிமூலம் முன்னால் நின்றார் என்றால், வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கியது அருணாதேவிதான். காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குக் கல்யாணம் வந்தால் மாப்பிள்ளை கார் தெருமுனையில் நிற்கக் கூடாது என்பது அவள் ஆசை. இடித்த வீடுகளின் செங்கலையும் மண்ணையும் கொட்டி, ஒரு வாரத்தில் மூடி, மேலே சிமென்ட் போட்டார்கள். கீழ்க்கோடியில் தண்ணீர் ஏரிக்குத் திரும்ப வழியில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. "பெருமழை வந்தா தண்ணி எப்படிக்கா போவும்?" என்று தென்றல் ஒரே ஒரு தடவை கேட்டாள். "மழை எங்கடி பெய்யுது?" என்று அருணாதேவி சிரித்தாள்.

இப்போது அந்தத் தண்ணீர் சிமென்ட் சாலையின் மேலேயே கீழ்க்கோடியை நோக்கி ஓடியது. வழியில் நின்ற பைக்குகளை உருட்டிக்கொண்டு போனது.

அருணாதேவி தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. குமரேசன் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவளும் பின்னாலேயே இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். சுவரையும் கம்பத்தையும் பிடித்துப் பிடித்து அவர்கள் போய்ச் சேர்வதற்குள், தென்றல் வீட்டுக் காம்பவுண்டு சுவர் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து மொட்டை மாடியில் முருகவேல் நின்றிருந்தார். தென்றலின் பக்கத்து வீட்டுக்காரர். அவர் தோளில் போர்வையால் சுற்றிய இனியன் இருந்தான்.

"தென்றல் எங்கண்ணே?" என்று அருணாதேவி கத்தினாள்.

முருகவேல் குழந்தையை இறுக்கிக்கொண்டார். பிறகு அழுதுகொண்டே சொன்னார். "வீட்டுக்குள்ள கழுத்து வரைக்கும் வந்துடுச்சும்மா. காம்பவுண்டு சுவர் மேல புள்ளையை ஏத்தி, மாடிப்படியில நின்ன என் கையில குடுத்துச்சு. கொழந்தைக்கு மாத்திரை குடுக்கணும், மூடி போட்ட டப்பாவில இருக்குதுனு சொல்லி அதையும் குடுத்துச்சு. அப்புறம் அது ஏற காலை வச்சுது. சுவரே போயிடுச்சும்மா. என் கண்ணு முன்னாலயே போயிடுச்சு."

மறுநாள் மழை விட்ட பிறகு, ஏரிக்கரை முட்புதரில் தென்றலைக் கண்டெடுத்தார்கள். மாறன் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தபோது உடல் ஆஸ்பத்திரியில் இருந்தது. அவன் யாரையும் திட்டவில்லை. "தண்ணி வந்தப்ப அது உங்களைக் கூப்பிட்டுதானே இருந்திருக்கும், அக்கா?" என்று மட்டும் கேட்டான். அருணாதேவி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காரியம் முடிந்த பிறகு, சேதத்தைப் பார்வையிட அறிவுச்செல்வன் என்ற இளம் அரசுப் பொறியாளர் வந்தார். தெருக்காரர்கள் பிள்ளையார் கோயில் எதிரே கூடினார்கள்.

"நாம யாரைக் குத்தம் சொல்றது? இயற்கையோட சீற்றம்" என்று ஆதிமூலம் ஆரம்பித்தார். "ஏன் சார், இங்க இப்படி ஒரு மழை நாங்க பார்த்ததே இல்லையே?"

"கடல் சூடாயிட்டே வருதுங்க" என்றார் அறிவுச்செல்வன். "சூடான கடல்ல பொறக்கற புயல் ஜாஸ்தி தண்ணியைத் தூக்கிக்கினு வரும். இந்த ஒரு புயல் முழுக்க அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த மாதிரி மழை இனிமே அடிக்கடி வரலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. பழைய ஓடை எங்க இருந்துச்சுனு காட்டுங்க."

ஓடையைத் திறந்தால் பாதி வீடுகளின் படிக்கட்டு போகும். ஆதிமூலத்தின் இரும்பு கேட்டும் போகும்.

"அது குப்பை மேடுங்க, ஓடைனு சொல்ல முடியாது" என்று இழுத்தார் ஆதிமூலம். "எங்கியோ கடல் சூடானதுக்கு எங்க வாசலை எதுக்கு இடிக்கணும்?"

இனியன் பெரியம்மாவின் இடுப்பில் இருந்தான். வானம் இருண்டால் இப்போதெல்லாம் அவன் கீழே இறங்குவதில்லை. அருணாதேவி அவனோடு முன்னால் வந்தாள்.

"என் வீட்டு வாசல்லேருந்து ஆரம்பிங்க சார். என் போர்டிகோவுக்குக் கீழதான் ஓடை போவுது."

"அருணாம்மா, துக்கத்துல பேசாத" என்றார் ஆதிமூலம்.

"துக்கத்துலதான் பேசறேன். சந்தோஷமா இருந்தப்ப எனக்கு இது புரியலையே." அவள் குரல் உயரவில்லை. "கடல் சூடானதுக்கு ஊர் உலகமே காரணமா இருக்கலாம். இந்த ஓடையை மூடினது நாம. புயல் சொல்லாம வரல. நாள் கணக்கா எல்லார் போன்லயும் சொல்லிட்டுத்தான் வந்துச்சு. எனக்கும் சொன்னாங்க. நான் கேக்கல. காலம் மாறிடுச்சு, மழையும் மாறிடுச்சு. நாம மட்டும் பழைய மழையை நெனச்சுக்கினு தண்ணி போற வழியில வீடு கட்டினா, அடுத்த தடவை யார் வீட்டுப் பொண்ணு போவும்னு இப்பவே சொல்லிடுங்க."

ஆதிமூலம் செருப்பைத் தேடினார். அருணாதேவி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இடிக்க வேண்டிய இடத்தைக் காட்டப் பொறியாளருக்கு முன்னால் நடந்தாள்.