செம்பட்டைத் தையல்காரி

தலையில் சுற்றியிருந்த துவாயை அவிழ்த்தபோது கண்ணாடிக்குள் நின்றவளை அஜந்தாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் வேண்டியதும் அதுதான். ஆனால் இப்படி வேண்டவில்லை. புளி போட்டு விளக்கிய செம்புக்குடத்தின் நிறத்தில், காதோரம் மட்டும் மஞ்சளித்து, தலை பற்றி எரிவதுபோல் இருந்தது. சாயப் பெட்டியில் கடுங்கபிலம், கறுப்போடு சேர்ந்த பழுப்பு என்றுதான் போட்டிருந்தார்கள். முதல் பொடி கறுப்பைக் கழுவி எடுக்கும், இரண்டாவது கபிலத்தை ஏற்றும். முதலாவது தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது. காலம் கடந்துபோன இரண்டாவது, முடியில் ஒட்டாமல் நுரைத்துக்கொண்டு கிணற்றடி வாழைக்குப் போய்விட்டது. ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்று கடைக்காரன் தந்தது, சும்மா வந்த மற்றப் பெட்டி இன்னும் பிரிக்காமல் கிடந்தது. சும்மா தருவதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று யோசிக்கிற நிலையில் அவள் அன்று இருக்கவில்லை.

வாகரையிலிருந்து அவள் தேற்றாத்தீவுக்கு வந்து எட்டு மாதம். புருஷன் கட்டாரில் வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். புருஷன் உதயரூபன் வாகரையில்தான் இருந்தான். அவளுடைய நீண்ட கறுப்பு முடியை மோதிரங்கள் போட்ட இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் எப்போதும் பேசத் தொடங்குவான். ஒருமுறை பொலிசில் முறைப்பாடு கொடுத்துப் பார்த்தாள். குடும்பப் பிரச்சினை என்று சமாதானம் பேசி அவனோடேயே அனுப்பிவைத்தார்கள். அன்றிரவு நடந்ததை அவள் யாருக்கும் சொன்னதில்லை. அந்த நீண்ட முடியோடு அவள் நிற்கும் படத்தைத்தான் அவன் இப்போது போனில் வைத்துக்கொண்டு திரிகிறான் என்று கேள்விப்பட்ட கிழமைதான், முடியைத் தோளோடு வெட்டிவிட்டு அந்தப் பெட்டியை வாங்கினாள்.

ஒளியப் போனவள் ஊருக்கே வெளிச்சமானாள். அதுவரை பெருந்தெருவை விட்டு உள்ளே போகும் ஒழுங்கையில் ஒரு தையல்காரி இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது பள்ளிப் பிள்ளைகள்கூட செம்பட்டைத் தையல்காரி வீடு என்று வழி காட்டின. தலையில் துணியைக் கட்டினால் அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். கறுப்பு அடிக்கலாம் என்றால் தோல் வெந்து கொப்பளித்திருந்தது. ஒரு மாதத்துக்கு எதுவும் வைக்கக்கூடாது என்று மருந்தெடுத்த இடத்தில் கண்டித்து அனுப்பினார்கள். மொட்டை அடித்தாலோ அது அடுத்த ஊருக்கும் கதையாகும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சட்டைத் துணியும் கொண்டுவந்ததில் வேலை மட்டும் கூடியது. ஒவ்வொரு புது முகத்துக்கும் அளவெடுக்கும்போது எந்த ஊர் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆதம்பாவா வந்தார். மோட்டார் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக் காத்தான்குடியிலிருந்து புறப்பட்டு, தெற்கே இந்த ஊர், வடக்கே வாகரை என்று விற்கிறவர், நல்ல மனுஷன். வாய்தான் கொஞ்சம் பெரிது. அவளுக்கு உதவி செய்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"வாகரையில தேத்தண்ணிக் கடையில உங்கட கதைதான் தங்கச்சி. தலை செம்பு, கை தங்கம் எண்டு சொன்னன். ஒரு ஆள், எப்ப வந்தவ, எந்த ஊர் எண்டு தோண்டித் தோண்டிக் கேட்டார். சட்டை தைக்கவாம். நாளைக்குக் காலம்பற வாறன் எண்டவர்."

எப்படிப்பட்ட ஆள் என்று அவள் கேட்டாள். குரல் ஒழுங்காகத்தான் வந்தது. கறுத்த ஆள், இடது கையில் இரண்டு மோதிரம் என்றார். உங்கள் பெயர் எனக்கே தெரியாதே, செம்பட்டைத் தையல்காரி என்று கேட்டால் எவரும் காட்டுவார்கள் என்று சொல்லிவிட்டேன் என்றார்.

அவர் போன பிறகு அஜந்தா தைத்த துணிகளை ஆள் ஆளாகப் பிரித்து மடித்தாள். தனக்கென்று இரண்டு சட்டையை ஒரு பைக்குள் திணித்தாள். வீட்டைப் பூட்டி, திறப்பைக் கொடுக்க, வீட்டுக்காரி அன்னப்பூரணியின் கடைக்கு வந்தாள். கடை பெருந்தெருவில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேரே இருந்தது. ஊருக்குள் வருகிற எவரும் முதலில் வழி கேட்கிற இடம் அது. அன்னப்பூரணிக்கு ஐம்பத்திரண்டு வயது. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. வெள்ளிக்கிழமை தவறாமல் முழுகி, எண்ணெய் வைத்து, கோயிலில் நாலு பேர் பார்க்க விரித்துவிடுகிற முடி. அந்த முடியில் அவளுக்கு இருந்த கர்வத்தை ஊரே மன்னித்திருந்தது.

அன்னப்பூரணி பையைப் பார்த்தாள். அஜந்தா தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள், கட்டார் பொய்யையும் சாயப் பெட்டியையும் சேர்த்து.

"அது எனக்கு முதல் மாசமே தெரியும்," என்றாள் அன்னப்பூரணி. "எங்ககா போவாய்? ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, இரிக்கிறது ஒரு றோட்டு. உன்ட தலை உனக்கு முதல் போய்ச் சேரும்."

அஜந்தா பையைக் கீழே வைத்தாள். அன்னப்பூரணி தன் முடியை முன்னால் இழுத்துப் போட்டு ஒருமுறை தடவினாள். அவளுடைய புருஷன் சாமித்தம்பி அறுவடைக்கு வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல் வட்டைக்குப் போய் மூன்று நாள்.

"அந்தச் சும்மா தந்த பெட்டி இரிக்கா?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடையின் பின்பக்கம், அஜந்தாவே கையுறை போட்டுக்கொண்டு அந்த முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பூசினாள். எரிகிறதா என்று கேட்கும்போதெல்லாம் அன்னப்பூரணி வேலையைப் பார் என்றாள். கறுப்பு இறங்கி, பித்தளையாகி, செம்பாகிக்கொண்டு வந்தது. அஜந்தா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். நீளம் கூடியதால் கழுவி முடிக்க நேரம் பிடித்தது. சாமித்தம்பி என்ன சொல்வார் என்று அஜந்தா கேட்டதற்கு, அவர் தலையை விட்டு மிச்சத்தைப் பார்க்கிற மனுஷன் என்று அன்னப்பூரணி சொல்லி, கண்ணாடியைத் தரவேண்டாம் என்றாள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்திலேயே கேட்டது. ஈரத்தைத் துடைக்கவும் நேரமில்லை. அன்னப்பூரணி எட்டி அஜந்தாவின் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் போய் அமர்ந்தாள். அஜந்தா அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால், பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கடை மேசையில் ஒரு இடது கை வந்து ஊன்றியது. இரண்டு மோதிரம். அந்தக் கையை அவளுடைய தலைத்தோல்தான் முதலில் அடையாளம் கண்டது.

"இஞ்ச செம்பட்டை முடியோட ஒரு தையல்காரி..."

"நான்தான். என்ன தைக்கோணும்?"

அவன் போனை எடுத்து அதிலிருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு பஸ் வந்து நின்று போனது. பிறகு அவன் தெருவில் ஓடிக்கொண்டே நின்ற மோட்டார் சைக்கிளுக்குப் போய், ஏறாமல், என்ஜினை நிறுத்திவிட்டு மேசைக்குத் திரும்பினான். அன்னப்பூரணி இருந்த இடத்தை விட்டு எழவில்லை. அவளுடைய செம்பு முடியிலிருந்து ஒரு சொட்டு நீர் தோளில் விழுந்து, அளவு நாடாவின் இலக்கங்களுக்குள் மெல்ல ஊறியது.