பின்னால் வருகிறவர்கள்

கார்க் கடை வாசலில் நின்ற அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் வண்டிக்குள் உட்காருவதே ஒரு வித்தையாக இருந்தது. ஒரு கையைக் கூரையில் ஊன்றி, ஒரு காலை உள்ளே விட்டு, இடுப்பைக் கீழே இறக்கி, கடைசியில் மற்றக் காலை இழுத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடமாக அவர் ஓட்டிவருவது அமரர் ஊர்தி. அடுத்த மாதம் ஓய்வு. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் நத்தை. லாரி ஓட்டும் அவர் தம்பி அதற்கும் ஒரு படி மேலே போவான். “அண்ணே, நீ ஓட்டுறது வண்டியில்ல, ஊர்வலம். நிஜமா வண்டி ஓட்டத் தெரியுமா உனக்கு?” எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரிப்பார். ஆனால் அந்தக் கேள்வி மீன்முள் மாதிரி எங்கேயோ தைத்துக்கொண்டுவிட்டது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வேகமாக ஓட்டப் பழக்கும் பயிற்சித் தளத்துக்குப் போய், ஈரத் தரையில் பிரேக் போடக் கற்றார். பணத்தையும் ஒதுக்கி வைத்தாயிற்று. இந்த வண்டி தனக்கு ஏற்றதா, தான் இதற்கு ஏற்றவரா என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். சாயங்காலம் இதே வண்டியைப் பார்க்க இன்னொருவர் வருகிறாராம்.

கடையின் சோபாவில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மனைவி, அவர் வண்டியில் ஏறும் முன்பே சொல்லிவிட்டாள்: “உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு வேகம்? உங்க வண்டியில ஏறினவங்க யாரும் சீக்கிரம் போங்கன்னு கேட்டதே இல்லையே.”

விற்பனைப் பெண் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடினார். வண்டியை எடுக்கும் முன் பின்னால் படுத்திருப்பவருக்காக ஒரு வரி வேண்டிக்கொள்வது அவர் பழக்கம். இன்றைக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு கணம் தடுமாறி, எதிரே வரப்போகிறவர்களுக்காக வேண்டிக்கொண்டார்.

சாலைக்கு வந்ததும் கை, சவ ஊர்வலத்தில் போடுகிற மாதிரி, தானாகவே முகப்பு விளக்கைப் போட்டது. கால் தானாகவே மாட்டுவண்டி வேகத்தைப் பிடித்தது. முதல் திருப்பம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், யாருக்காக நிக்கிறோம்?”

“கடைசி வண்டி திரும்பட்டும்மா.” பின்னால் ஊர்வல வண்டி எதுவும் இல்லை என்று சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. அவர் வேலை தெரிந்த அவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, இப்பப் பாருங்க” என்று நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பினார்.

சாலை விரிந்ததும் அழுத்தினார். முதுகை யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது போலிருந்தது. ஒரு குதூகலம் கிளம்பி உடம்பெல்லாம் பரவியது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவு முடியும்போது கூட்டினார். சவப்பெட்டி அசையாமல் இத்தனை வருடம் திருப்பங்களில் வளைத்த கை அது. “நிறையப் பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் சார். பயப்படாம உக்காந்திருக்கிறது இன்னைக்குத்தான்” என்றாள் அவள். தம்பியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. உடனே வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் கண்ணாடியில் அந்தச் சின்ன நீல வண்டியைப் பார்த்தார். பழைய வண்டி. இவரை எட்டிப் பிடிக்கிற ஆசையில் விரட்டிக்கொண்டு வந்தது. வேகம் தாங்காமல் அதன் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடியது. உள்ளே நாலைந்து தலைகள். பின்னால் வருகிறவர்கள் சாலையைப் பார்ப்பதில்லை, முன்னால் போகிற வண்டியைத்தான் பார்ப்பார்கள். அழுதுகொண்டு வருகிறவர்களோடு இத்தனை வருடம் போனவருக்கு இது தெரியும். முன்வண்டி போனால் சிவப்பு விளக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்துவிடுவார்கள். சட்டென்று பிரேக் போட்டால் மோதுவார்கள், விட்டுப் பறந்தாலோ இன்னும் விரட்டுவார்கள். அவர் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். ஒரு மைல் தூரத்துக்கு, மாடிப்படியில் குழந்தையைக் கைபிடித்து இறக்குகிற மாதிரி, அந்த நீல வண்டியின் வேகத்தை இறக்கிக்கொண்டே வந்தார். அதன் ஆட்டம் நின்றது. கடைசியில் அது ஹாரன் அடித்து, கேலியாகக் கை காட்டி, இவரைத் தாண்டிச் சாதாரண வேகத்தில் போனது.

“அவங்க பண்ணது தப்பு சார். அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?”

“தப்பு யாருதுன்னு நான் யோசிக்கலம்மா” என்றார்.

திரும்பி வந்து நிறுத்தியபோது மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள். “என்னங்க, முடிவு பண்ணியாச்சா?”

“ஓட்டத் தெரியும். அது தெரிஞ்சுபோச்சு. இன்னொன்னு பாக்கணும், நீ ஏறு.” மனைவியோடு இன்னொரு சுற்று போய் வரலாமா என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டார். அவள் யோசித்து, மேலாளரின் அறைப் பக்கம் ஒரு முறை பார்த்து, சாவியை அவர் கையிலேயே விட்டாள். “அரை மணி நேரம் சார். உங்களை நம்பலாம்.”

“இன்னும் என்ன பாக்கணும்?” என்று மனைவி முனகிக்கொண்டே இருக்கைக்குள் இறங்கினாள். அவள் தலை இடிக்காமல் அவர் கதவின் மேல்விளிம்பில் கையை வைத்துக்கொண்டார்.

“வேகம் காலடியில இருக்கும்போது என்னால மெதுவா போக முடியுதான்னு.”

“இத்தனை வருஷமா அதைத்தானே பண்றீங்க?”

“அது வேகமா போகவே போகாத வண்டி. அதுல பொறுமையா இருந்தேன்னு சொல்லிக்கிறதுல என்ன இருக்கு?”

அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

ஊருக்கு வெளியே மேட்டுச் சாலையில் ஒருவர் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கட்டி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். கயிறு தளர்ந்து பெட்டிகள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. எதிர்ப்பக்கம் காலி. இயந்திரம் உறுமியது. வலது பாதம் அழுத்தத் துடிப்பதை அவர் உணர்ந்தார். பின்னால் ஒரு லாரி நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அபாய விளக்கைப் போட்டு, லாரி சைக்கிளை நெருங்கிவிடாதபடி அதன் பின்னாலேயே ஊர்ந்தார். லாரி ஹாரன் அடித்தது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துப் பதறி, ஒரு கையை விட்டு, போங்க போங்க என்று சைகை காட்டினார். மனைவி ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்து, “நீங்க போங்கண்ணே, நாங்க பின்னாடி வர்றோம்!” என்றாள்.

சைக்கிள்காரர் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். பெட்டிகள் ஆடின. சிவப்பு வண்டி அவருக்குப் பின்னால் அடிமேல் அடி வைத்து மேடேறிக்கொண்டிருந்தது.