எழுபத்தைந்து டாலர் பாக்கி

லவெல் ப்ரூயிட் எனக்குத் தரவேண்டியது எழுபத்தைந்து டாலர். பல வருஷம் முன்னால் அடகுக்கடையிலிருந்து அவன் கிட்டாரை மீட்கக் கொடுத்தேன். மறுநாள் அதை வைத்துத்தான், எங்கள் இண்டியானாபோலிஸ் நகரம் கொண்டாடிய, அப்போதுதான் இறந்திருந்த ஜாஸ் கலைஞர் ஏமஸ் டீல் நினைவாக ஓர் இசைத்தட்டு முழுக்க வாசித்துக் கொடுத்தான்.

அந்தத் தட்டு உறையின் பின்பக்கம் லவெல் நன்றி சொன்னவர்களின் பெயர்கள் இருக்கும். அறுபது வயசுக்குமேல் சர்ச் வகுப்பில் எழுத்துக் கற்றதும் நான் தேடிப் படித்தது அதைத்தான். அவனுக்கு முடிவெட்டுகிறவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. மனசு சுருங்கிப்போனது. கேட்டால் பணத்துக்காகக் கேட்பதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் அதன் மறுபதிப்பு, நான் வேலை பார்க்கும் இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலைக்கே வந்தது. உறையில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு. மாதிரித் தட்டைக் கேட்டுச் சம்மதம் சொல்ல லவெலும் வந்திருந்தான்.

அச்சுத் தகட்டை இயந்திரத்தில் பூட்டும்போது பார்த்தேன். பாட்டு முடிந்தபின் ஊசி சும்மா சுற்றும் இடத்தில் கோணல்மாணலாகக் கோடுகள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேற்பார்வைக்காரியைக் கூப்பிட்டேன்.

"ரெனிடா, தகடு கெட்டுப்போயிருக்கு. திருப்பி அனுப்பிடும்மா."

லவெல் எழுந்து வந்தான். "கெடலடா. அது எழுத்து. படிக்கக் கத்துக்கிட்டேன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சே?"

"இது எந்த ஊரு எழுத்து?"

"தகட்டுல இடவலம் மாறித்தான் தெரியும். இத்தனை வருஷமா இங்க பஞ்சு மிட்டாயா போட்டுக்கிட்டிருந்தே? ஒண்ணு அடிச்சுப் பாரு."

அடித்தேன். சூடு ஆறுமுன் விளக்கடியில் சாய்த்துப் பிடித்து எழுத்துக்கூட்டினேன். 'டாலிவர் பெக்கமுக்கு எழுபத்தைந்து டாலர் பாக்கி. லவெல்.'

என் பெயர்தான். இன்னொரு முறை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்.

"கடனைக் கொடுக்காம உன் பேரைப் போட அன்னைக்கு வெக்கப்பட்டு விட்டுட்டேன்," என்றான் லவெல். "இப்ப உறையத் தொட விடமாட்டேங்கிறாங்க. மூலத் தட்டு வெட்டுறவன்கிட்ட கெஞ்சி இங்க கீறச் சொன்னேன்." பையிலிருந்து நோட்டுகளை எடுத்து நீட்டினான்.

"உள்ள வைடா. ஐந்நூறு தட்டு அடிக்கப்போறோம். ஐந்நூறும் பாக்கின்னு சொல்லும். நீ கொடுத்துட்டா அத்தனையும் பொய்யாயிடாதா? ஏமஸ் பேரு போட்ட தட்டுடா."

"அப்ப நான் கடன்காரனாவே சாகணுமா?"

"தள்ளுபடி பண்ணிட்டேன். வெளிய சொல்லாத," என்று சொல்லி இயந்திரத்தை ஓடவிட்டேன்.