அணைத்த பிரிண்டரின் பதில்

ஷாரோனுக்கு உலகத்தில் வேறு யார் மேல் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, பிங் மேல் இருந்தது. நெட்வொர்க் வழியாக ஒரு இயந்திரத்தை "இருக்கியா?" என்று கூப்பிட்டால், "இருக்கேன்" என்று அது பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பிங். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் யார் என்ன புகார் சொன்னாலும், கம்ப்யூட்டர் பிரிவின் ஏசி அறையில் உட்கார்ந்தபடியே பிங் அடிப்பாள். பதில் வரும். "நெட்வொர்க் நல்லா இருக்கு" என்று போனை வைத்துவிடுவாள். வேலை நடக்கும் லைனுக்கு நடந்து போவதெல்லாம் அம்மணிக்குக் கௌரவக் குறைச்சல்.

இதில் மாட்டிக்கொண்டவர் பேக்கிங் சூப்பர்வைசர் கன்னியப்பன். ஒரு மாதமாக அவருடைய லேபிள் பிரிண்டர் நினைத்தால் அடிக்கும், நினைத்தால் படுத்துக்கொள்ளும். லேபிள் இல்லாமல் பெட்டி லாரி ஏறாது. லைன் நிற்கும், அவர் போன் செய்வார், இவள் பிங் அடிப்பாள், பதில் வரும். ஆக, பிரிண்டரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பழி அவர் தலையில் விழுந்தது. அவரை லைனிலிருந்து தூக்கி, உடைசல்களைக் கொட்டும் ஸ்கிராப் யார்டுக்கு அனுப்ப அன்று சாயங்கால மீட்டிங்கில் முடிவெடுக்கப் போகிறார்கள் என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு.

மதியம் பிரிண்டர் மறுபடி படுத்தது. கன்னியப்பன் போன் செய்தார்.

"அண்ணா, பிங் வருதுண்ணா. பிரிண்டர் உசுரோடதான் இருக்கு."

"அது உசுரோட கீதா? இன்னொரு தபா அடி மா."

அடித்தாள். "ஜம்முனு வருதுண்ணா."

"நான் அதோட கரண்ட் ஒயரைப் புடுங்கி கையில வெச்சிகினு நிக்கிறேன். இப்ப யாரு மா உனக்கு ஜம்முனு பதில் சொல்றது?"

ஷாரோன் இன்னொரு தடவை அடித்தாள். திரையில் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. பட்டப்பகலிலேயே லேசாகப் பயம்கூட வந்தது. பிரிண்டரின் நெட்வொர்க் முகவரியை அப்படியே பிரவுசரில் போட்டுப் பார்த்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. அந்த ஆபீசில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான், அதையே கொடுத்தாள். திறந்தது. திரையில் அருகம்புல் மாலையோடு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செக்யூரிட்டி மாரி நிம்மதியாகச் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

அது கேட் அருகே இருக்கும் கோயில். வெளிநாட்டிலிருந்து முதலாளி தினமும் தரிசனம் செய்வதற்காகப் போன மாதம் அங்கே கேமரா வைத்தார்கள். சாமி காரியம் என்பதால் ஷாரோனின் மேலதிகாரி இளங்கோவன் யாரையும் தொடவிடாமல் தானே ஏணி ஏறினார். முகவரியின் கடைசியில் நூற்றெட்டு என்று மங்களகரமாக எண்ணும் கொடுத்தார். அது பல வருஷமாகப் பிரிண்டரின் எண் என்பதை மட்டும் பார்க்க மறந்துவிட்டார். ஒரே முகவரியில் இரண்டு பேர். லேபிள் சில நேரம் பிரிண்டருக்குப் போனது, சில நேரம் பிள்ளையாருக்கு.

ஷாரோன் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் வேலையை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் இதே இளங்கோவன்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் கன்னியப்பன் போய்விடுவார். அவரை இவ்வளவு தூரம் தள்ளிவிட்டது தன்னுடைய பிங்தான் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் மீட்டிங்கில் எழுந்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். பிளான்ட் ஹெட் உமாதேவி கேட்டார்: "கேமராவுக்கு அந்த நம்பரை யாரு குடுத்தது?"

இளங்கோவன் தலைக்கு மேலே இருந்த ஏசியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சார்தான் மேடம்," என்றாள் ஷாரோன். "ஆனா ஒரு மாசமா பதில் வருதான்னு மட்டும் பார்த்தேன், யார் சொல்றாங்கன்னு பார்க்கல. ஒரு தடவை லைனுக்குப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும். அண்ணா மேல தப்பே இல்ல மேடம்."

"சாமிக்கு வேற எந்த நம்பர் மேடம் குடுக்கறது?" என்று இளங்கோவன் முனகினார்.

உமாதேவி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தார். "கன்னியப்பன் லைன்லயே இருக்கட்டும்," என்றார்.

இளங்கோவன் ஷாரோன் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபத்தைவிட அசடுதான் அதிகம் வழிந்தது. "பிரிண்டர் நம்பரை மாத்திடும்மா."

அதுவரை கதவோரம் நின்றிருந்த கன்னியப்பன் வாயைத் திறந்தார்.

"வேணாம் சார், சாமிக்கே மாத்துங்க. கூப்ட்டா பதில் சொல்லாம கம்முனு குந்திகினு இருந்தாலும், அவரை யாரும் ஸ்கிராப் யார்டுக்கு அனுப்ப மாட்டாங்கோ."