கண் திறக்காத தலையீற்று

கூத்தனேரி காலனியில் பாவாடை வீட்டு நாய் தலையீற்றாகப் போட்ட குட்டிகள் ஐந்தும் இரண்டரை வருடம் கண் திறக்கவில்லை. கண் தவிர மற்ற எல்லாம் அவற்றுக்குக் காலத்தில் நடந்தன. பல் முளைத்தது, குரல் உடைந்தது, கரும்புத் தோட்டத்தில் எலி பிடித்தன, காலைத் தூக்கி நின்றன. முழங்கால் உயரத்தைத் தாண்டி வளர்ந்த பிறகும் கண் மூடியே இருந்ததால், ஊர்க் கணக்கில் அவை கடைசிவரை குட்டிகளாகவே இருந்தன. இந்தக் கணக்கில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது.

கூத்தனேரி, தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலையை விட்டுச் சற்றே உள்ளே இருக்கிறது. கிளைச்சாலை பிரியும் முனையில் அப்போது ஒரு புளியமரம் நின்றது. ஊர்ப் பஞ்சாயத்து அதன் நிழலில்தான் கூடும். நிழல் ஊர்க்காரர்களுக்கு. காலனிக்காரர்கள் நிழலின் ஓரத்துக்கு வெளியே வெயிலில் நின்று கேட்க வேண்டும். நிழல் நகர்ந்தால் அவர்களும் நகர வேண்டும். அந்த நிழலில் நின்று சொன்னது வாக்கு. அதை மாற்ற வேண்டுமானாலும் அதே நிழலில் நின்றுதான் மாற்ற வேண்டும். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்பது தெரியவில்லை. விசாரித்தவரையில், எல்லோரும் தங்கள் அப்பா காலத்திலிருந்து என்றே சொல்கிறார்கள்.

காலனி வீடுகளில் கடுவன் நாய் வளர்க்கக் கூடாது என்பதும் அப்படிச் சொல்லப்பட்ட ஒரு வாக்கு. பொட்டை நாய் வளர்க்கலாம். கடுவன் வளர்த்தால் அது ஊர்த்தெரு நாயோடு சேரும், அதன் குட்டி ஊர்த்தெருவில் திரியும் என்பது காரணம். பாவாடைக்கு இது தெரியும். சாமை அறுப்புக்காக வெள்ளிமலைக்குப் போய்த் திரும்பியபோது ஜீப்பின் பின்னால் மலைப்பாதை வளைவு முழுக்க ஓடிவந்த செம்மறி நிறத்து நாயை, பொட்டை என்று பார்த்த பிறகுதான் அவர் வீட்டுக்குள் விட்டார். வெள்ளிமலையிலிருந்து வந்ததால் அதற்கு வெள்ளி என்று பெயர். வந்தபோதே அது சினையாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

எண்பத்தைந்தாம் வருடம் பங்குனியில் வெள்ளி அடுப்பங்கரை ஓரத்துக் கிழிந்த சாக்கில் குட்டி போட்டது. பாவாடையின் மனைவி இருசம்மாள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஐந்தும் கடுவன். மகள் எழில்மதி, இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள். இன்னொரு முறை பார்த்தும் ஐந்தும் கடுவன்தான். நாய் குட்டி போட்ட வீட்டில் சேதி நிற்காது. அடுத்த வெள்ளிக்கிழமை பாவாடை புளியமரத்து வெயிலில் நின்றார்.

"டேய் பாவாடை, இன்னாடா இது, அஞ்சும் கடுவனாமே" என்றார் நிழலில் இருந்த கொளஞ்சியப்பன். ஊரில் பெரிய கரும்புக் கொல்லை அவருடையது.

"நான் இன்னாங்க பண்றது. அது மலையில செனையாகி வந்துகீது. கேக்கறதுன்னா மலையத்தான் கேக்கணும்."

கொளஞ்சியப்பன் அன்றைக்கே ஏரியில் போடச் சொன்னார். பஞ்சாயத்து முறை தெரிந்த நாராயணசாமிதான் தடுத்தார். "கண்ணு தொறக்காத சீவன்மேல கை வச்சா வம்சத்துக்கு ஆவாது. தொறக்கட்டும். அப்பறம் எடுத்துக்கலாம்" என்றார். கண் திறக்கும்வரை பாவாடை வீட்டில் இருக்கலாம், திறந்த அன்றே ஊர் எடுத்துக்கொள்ளும் என்று வாக்கு சொல்லப்பட்டது. பத்துப் பதினைந்து நாள் விஷயம் என்று எல்லோரும் கலைந்தார்கள்.

அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் நாய்க்குட்டி வளர்த்ததில்லை. முதல் வாரம் குளிரக் கூடாது என்று அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டிச் சாக்குக்கு அடியில் வைத்தார்கள். ஒரு குட்டியின் வயிற்று மயிர் கருகிய பிறகு நிறுத்தினார்கள். தெள்ளுப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் தடவியதில் வெள்ளி எண்ணெய் கசப்பு தாங்காமல் குட்டிகளை நக்க மறுத்தது. பிறகு துடைத்தெடுத்தார்கள். வெள்ளிக்குக் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுத் தலையும் கொடுத்தார்கள். கடைசியாகப் பிறந்த சோனிக் குட்டியை மற்ற நான்கும் மடியிலிருந்து தள்ளிவிடும். இருசம்மாள் அதை எடுத்துப் பால் அதிகம் ஊறும் பின்காம்பில் வைப்பாள். தினமும் காலையில் கொல்லை வேலைக்குக் கிளம்புமுன் குட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே பேச்சைப் பேசுவாள்.

"தொறக்காதீங்கடா. இந்த ஊருல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

குட்டிகள் திறக்கவில்லை. பதினைந்து நாள் போயிற்று, மாதம் போயிற்று. கண் தெரியாமலே நடந்தன, எதிலும் முட்டவில்லை. எழில்மதியின் ரப்பர் செருப்பை மட்டும் தேடிப் பிடித்துக் கடித்தன. வீட்டில் இருந்த மற்ற செருப்புகளைத் தொடவில்லை. அவள் பகலில் களையெடுத்துவிட்டுச் சாயங்காலம் தியாகதுருகத்தில் தட்டச்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடித்த செருப்போடுதான் போனாள். கிளைச்சாலையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு வாக்கு. குட்டிகள் கடித்த பிறகு அது கழற்ற வராத அளவுக்குக் காலோடு சுருண்டுகொண்டது என்று அவள் சொன்னாள். இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இல்லை.

ஊர் பொறுமை இழந்தது. கால்நடை மருத்துவர் வந்தார். டார்ச் அடித்து, இமைக்குள்ளே விழி ஓடுவது தெரிகிறது, குறை ஒன்றும் இல்லை, இஷ்டம் இல்லை போல என்றார். பிறகு கொளஞ்சியப்பனின் மகன் அன்புச்செல்வன் சோனிக் குட்டியை மடியில் போட்டு விரலால் இமையை விலக்கினான். உள்ளே இன்னொரு இமை இருந்தது. அதை விலக்கினான்; அதற்குள்ளும் ஒன்று இருந்தது. வெங்காயம் உரிப்பதுபோல உச்சிவெயில்வரை உரித்துவிட்டுக் கை ஓய்ந்து எழுந்துபோனான். அவன் விரலில் பால்வாடை ஆடிவரை போகவில்லை. சீயக்காய் போட்டும் போகவில்லை.

குட்டிகளுக்குப் பெயர் வைத்தது எழில்மதி. கலெக்டர், ஜட்ஜு, தாசில்தார், டாக்டர் என்று நான்கு வைத்தாள். சோனிக்கு எஞ்சினியர் என்று வைக்கப் பார்த்தாள். இருசம்மாள் ஒப்பவில்லை. "எல்லாரும் அதிகாரியாப் பூட்டா வேலைய யாருடி பாக்கறது" என்று சொல்லிப் பியூன் என்று வைத்தாள். அதிலிருந்து காலனியில் பேச்சே வேறாகிவிட்டது. "கலெக்டரு இன்னா பண்றாரு" என்று ஒருவர் கேட்டால், "எங்க வூட்டு வாசல்ல தூங்கிக்கினு கீறாரு, எழுப்பட்டா" என்று இன்னொருவர் சொல்வார். ஜட்ஜு எதற்கும் குரைக்காது. தாசில்தார் கருவாட்டைக் காட்டினால்தான் எழுந்து வரும். காற்று வாட்டத்தில் இந்தப் பேச்சு ஊர்த்தெருவுக்கும் கேட்டது.

அந்த வருடங்களில் ஊர்த்தெருவும் சும்மா இல்லை. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. முதலில் ஒருநாள் மறியல், பிறகு ரயில் மறியல் என்று வளர்ந்தது. எங்கள் பிள்ளைகளும் ஆபீஸில் உட்கார வேண்டும் என்று கொளஞ்சியப்பன் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். அதை நியாயம் இல்லை என்று காலனியில் யாரும் சொல்லவில்லை. பாவாடைகூட ஒருமுறை, கேட்டால்தானே கிடைக்கும் என்றார். சொல்லிவிட்டுக் கலெக்டரின் காதில் இருந்த உண்ணியைப் பிடுங்கினார்.

எண்பத்தேழாம் வருடம் ஆவணியில் கொளஞ்சியப்பன் வீட்டுப் பொட்டை நாய் குட்டி போட்டது. அதில் ஒன்றுக்கு இடது காதில் பியூனுக்கு இருப்பதுபோலவே செம்பட்டைத் திட்டு இருந்தது. பார்த்தவர்கள் இருமினார்கள். மூன்றாம் நாள் கொளஞ்சியப்பன் நாராயணசாமியைக் கூப்பிட்டு, வருகிற மகாளய அமாவாசைக்குப் பஞ்சாயத்துக் கூட்டச் சொன்னார். 'கண் திறக்கும்வரை' என்ற வாக்கை 'அமாவாசைவரை' என்று மாற்றிவிடுவது முடிவு. அன்றே ஐந்தையும் ஏரியில் போடக் கல்லும் சாக்கும் எடுத்துவைக்கப்பட்டன. காலனிக்கும் சேதி வந்தது. பாவாடை, மலைக்கே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"ஏன் உடணும்?" என்றாள் எழில்மதி. "அது பொறந்த வூடு இது."

புரட்டாசி பிறந்ததும் ஒருவார மறியல் தொடங்கியது. ஜில்லா முழுக்கச் சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். கூத்தனேரி முனையில் போடுவதற்கு அன்புச்செல்வனும் அவன் கூட்டாளிகளும் சுற்றுவட்டாரத்திலேயே பருமனான மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். விடிந்து சிறிது நேரத்தில் அது விழுந்தது. சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அடைத்து, கிளைகளோடு கிடந்தது. இந்தமாதிரி மரம் வேறெங்கும் விழவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். அது எந்த மரம் என்பது முதலில் நாராயணசாமிக்குத்தான் உறைத்தது. அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலம் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து மரத்தை அகற்றச் சொன்னபோது, "இது பொது ரோடுங்க. இங்க உக்கார எல்லாருக்கும் உரிமை உண்டு" என்று கொளஞ்சியப்பன் சத்தமாகச் சொன்னார். அது காலனிவரை கேட்டது.

பஸ் இல்லை, லாரி இல்லை, கொல்லை வேலை இல்லை. காலனிச் சனங்கள் வந்து மரத்தில் உட்கார்ந்தார்கள். பொது ரோடுதானே. அமாவாசையன்று காலை ஊர்ப் பெரியவர்கள் கிளைச்சாலை முனைக்கு வந்தபோது அங்கே அடிக்கட்டை மட்டும் இருந்தது. அதன் மேல் ஏறி நின்று சொல்லிவிடலாமே என்றான் அன்புச்செல்வன். "கட்டைக்கு ஏதுடா நெழலு" என்றார் நாராயணசாமி. அதனால் எல்லோரும் பெரிய சாலைக்கு வந்தார்கள். விழுந்த மரத்தின் இலைகள் வாடியிருந்தாலும் உதிரவில்லை. நிழல் இருந்தது. அது இடுப்பளவு உயரத்துக்குத்தான் இருந்தது, உட்கார்ந்தால்தான் நிழல். அதற்குள் காலனியே உட்கார்ந்திருந்தது. நடுவில் எழில்மதி, கடித்த செருப்போடு. அவள் காலடியில் ஐந்து நாய்களும் கண் மூடிக் கிடந்தன.

"எந்திரிங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

"பொது ரோடுன்னு நீங்கதானுங்க போலீஸாண்ட சொன்னீங்க" என்றாள் எழில்மதி. "ஆபீஸு வேணும்னு நீங்க மரத்தப் போட்டுக் கேக்கறீங்க. கேளுங்க, ஞாயந்தான். நாங்க அஞ்சு குட்டிய வச்சிக்கினு கீறோம். அதுவும் ஞாயந்தான். வாக்கு சொல்லணுமா, எடம் கீது. வந்து உக்காருங்க."

அவள் சற்று நகர்ந்து, தனக்கும் இருசம்மாளுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டாள். கொளஞ்சியப்பன் அந்த இடத்தைப் பார்த்தார். நாராயணசாமியைப் பார்த்தார். நாராயணசாமி வானத்தைப் பார்த்தார். கொளஞ்சியப்பன் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. புரட்டாசி வெயில் ஏற ஏற, ஊர்ப் பெரியவர்கள் அனைவரும் நிழலுக்கு வெளியே நின்றார்கள். நிழல் நகர்ந்தபோது அவர்களும் நகர்ந்தார்கள்.

இருசம்மாள் குனிந்து நாய்களிடம் சொன்னாள்.

"இப்பப் பாருங்கடா. பாக்கறதுக்கு ஒண்ணு கீது."

முதலில் பியூன் கண் திறந்தது. பிறகு கலெக்டர், டாக்டர், தாசில்தார். ஜட்ஜு கடைசியில் திறந்தது. தேன் நிறத்துக் கண்கள். ஐந்தும் எழுந்து உட்கார்ந்து, வெயிலில் நின்றவர்களை ஒவ்வொருவராக, அவசரமில்லாமல் பார்த்தன. கண் திறந்தாயிற்று, பழைய வாக்குப்படியே இனி எடுத்துக்கொள்ளலாம் என்று அன்புச்செல்வன் சாக்கை உதறினான். ஆனால் எடுப்பதற்கு அவனும் குனிந்து அந்த நிழலுக்குள் வரவேண்டியிருந்தது. பியூன் அவன் விரலை மோந்து பார்த்துவிட்டு, தெரிந்த வாசனை என்பதுபோல் வாலை ஆட்டியது. அவன் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். உச்சிவேளைக்குப் பின் ஊர்க்காரர்கள் தாகத்தில் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

மறியல் முடிந்ததும் மரத்தை அறுத்துச் சாலையைத் திறந்தார்கள். விறகு ஊருக்குக் கொஞ்சம், காலனிக்குக் கொஞ்சம் எரிந்தது. சொல்லப்பட்ட வாக்குகளை மாற்றவும் நிறைவேற்றவும் நிழல் இல்லாமல் போனதால், செருப்பு வாக்கு உட்பட எல்லாம் அப்படியே விட்டுப்போயின. கொளஞ்சியப்பன் பிறகு கிளைச்சாலை முனையில் ஒரு புளியங்கன்று நட்டார். அதை டாக்டர் தினமும் காலைத் தூக்கி நனைத்ததில் பட்டுப்போயிற்று. வேறு காரணமும் இருக்கலாம். எழில்மதி ஹையர் தட்டச்சும் முடித்து, கள்ளக்குறிச்சியில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்தாள்.

கூத்தனேரியில், ஊர்த்தெருவானாலும் காலனியானாலும், இப்போது நாய்க்குட்டிகள் கண் திறந்தே பிறக்கின்றன. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்கள் முதல் ஈற்றில் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவதுண்டு. உள்ளூரில் யாரும் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. குட்டி பிறந்ததும் சாக்கின் மேல் வெயில் நேராக விழாமல் ஒரு முறத்தைச் சாய்த்து வைக்கிறார்கள். பிறந்ததும் பார்க்கும் கண்ணுக்கு வெளிச்சம் கூசும் என்று.