குதிகால் ரப்பர்

என் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து எல்லாவற்றையும் அனுப்புவார், தன்னைத் தவிர. ஒரு வருஷம் கதவு ரப்பர் வந்தது. அடுத்த வருஷம் முன்விளக்குக்குப் பளபளவென்று வளையம். அதற்கப்புறம் கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடிகள், ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் பொதிந்த மாதிரி. எல்லாம் எங்கள் ஷெட்டில் நிற்கிற பழைய காருக்கு. கல்யாணமான புதிதில் அவர் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. அப்போதே அதற்கு எங்கள் இரண்டு பேரையும்விட வயசு அதிகம்.

"வண்டி முழுசா முடியட்டும். முடிஞ்ச அன்னிக்கே லீவு எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன். நீயும் நானும் ஏறி உட்கார்ந்து கால் போன போக்குல போவோம்" என்பார் போனில். காரில் ஏறியபிறகு கால் எங்கே போகும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அந்தப் பேச்சையும் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

மெக்கானிக் இன்ஜினை முடித்தார். பெயின்ட் முடிந்தது. சீட்டுக்கு நானே உறை தைத்தேன், சோபா தைத்துப் பிழைக்கிறவள்தானே. மிச்சம் இருந்தது தரைக்குக் கார்ப்பெட் மட்டும். அதுவும் போன வாரம் வந்து சேர்ந்தது. தரையின் மேடு பள்ளத்துக்குத் தகுந்தாற்போல் அச்சில் அழுத்தி எடுத்த கார்ப்பெட். அதை இரக்கமில்லாமல் மடித்து ஒரு பெட்டிக்குள் திணித்திருந்தார்கள்.

அடுத்த தெருவிலிருந்து நாத்தனாரை வரச்சொன்னேன். அவருடைய தங்கை. வாய் கொஞ்சம் நீளம், கையும் அதே அளவுக்கு ஓடும். இருவருமாக மொட்டைமாடியில் கார்ப்பெட்டை விரித்துப் போட்டோம். வெயில் ஏற ஏற மடிப்பெல்லாம் விட்டது. நடுவில் கியர் பெட்டிக்கான மேடு தானாக எழும்பி நின்றது. இதைப் போட்டுவிட்டால் வண்டி முடிந்தது. வண்டி முடிந்தால் அவர் வரவேண்டும். சொன்ன சொல் அப்படி.

"அண்ணி, கார்ப்பெட்டப் பாத்து யாராவது வெக்கப்படுவாங்களா?" என்றாள் நாத்தனார்.

"வெயில்டீ. அதான் மூஞ்சி சிவந்திருக்கு."

கீழே வந்து சீட்டுகளைக் கழற்றினோம். பழைய கார்ப்பெட் தரையோடு ஒட்டி உறவு கொண்டாடிக்கொண்டிருந்தது. சுரண்டிச் சுரண்டித்தான் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, ஆக்சிலரேட்டரை ஒட்டி, அதில் ஒரு ஓட்டை. அவருடைய குதிகால் ஊன்றி ஊன்றித் தேய்த்த ஓட்டை. அதன் ஓரத்தை விரலால் தடவினேன். அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருட்டி வெளியே போட்டேன்.

தரையைத் துடைத்து, சூட்டுக்கும் சத்தத்துக்கும் அடியில் கம்பளி விரிப்பைப் போட்டு, பின்பக்கத் துண்டை முதலில் வைத்தோம். பிறகு முன்பக்கம். நடு மேட்டில் உட்காரவைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் கையால் நீவிக்கொண்டே போனேன். ஒரு சுருக்கம்கூட இல்லை. இனி சீட்டின் போல்ட்டுகளுக்குச் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, ஓரமெல்லாம் பசை தடவி ஒட்டவேண்டியதுதான் பாக்கி.

"அண்ணி, இந்த ரப்பர் என்ன உங்க பக்கம் இருக்கு?"

குதிகால் ஊன்றுகிற இடம் தேயாமலிருக்க ஒரு கறுப்பு ரப்பரைக் கார்ப்பெட்டிலேயே வைத்துத் தைத்திருப்பார்கள். அது ஸ்டியரிங்குக்குக் கீழே இல்லை. நான் உட்காரும் பக்கத்தில் இருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மேடு பொருந்தவில்லை. மறுபடி சரியாகப் போட்டேன். ரப்பர் என் பக்கம்தான்.

"அண்ணன் இருக்கிற இடத்துல ஸ்டியரிங் இடது பக்கம்ல" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் வந்தது. தன் வண்டியில் தான் எந்தப் பக்கம் உட்காருவோம் என்பதே மறந்துபோகிற அளவுக்கு இந்த மனுஷன் அங்கே இருந்துவிட்டாரே. இவர் கனவில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்? கனவில் வருகிறேனா?

தரையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும்மா."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேனே. ரப்பர்கூட என் காலுக்கு நேரா அப்படியே..."

"நம்ம வண்டில நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டுவீங்க?"

பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பழகிடுச்சும்மா" என்றார் கடைசியில், தப்புச் செய்த பையன் மாதிரி. அப்புறம் அவசர அவசரமாக, "பரவாயில்ல, நீ அதைத் திருப்பி அனுப்பிடு. சரியானதாச் சொல்லிச் செய்யச் சொல்றேன். வர கொஞ்ச மாசம் ஆகும். ஆனா ஆகட்டும். அதுக்கப்புறம் வண்டிய முடிச்சுக்கலாம். இப்ப என்ன அவசரம்?"

என்ன அவசரமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திருப்ப முடியாது. ஒட்டியாச்சு. போல்ட்டுக்கு ஓட்டையும் போட்டாச்சு. இனிமே அதை எவனும் வாங்க மாட்டான்."

நாத்தனார் தன் கையிலிருந்த பசை டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒட்டிட்டியா? என் பக்கம் ரப்பரே இல்லாம? குதிகால் பட்டுப் பட்டுத் தேஞ்சிடுமேம்மா."

"தேயட்டும். பழசுல போட்ட மாதிரி இதுலயும் ஓட்டை விழணும். அது விழற வரைக்கும் இங்கயே இருந்து ஓட்டுங்க." என் குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று மேலே பேசினேன். "இனிமே எதையும் அனுப்பாதீங்க. ஒரு திருகாணிகூட வேண்டாம். எனக்கு நீங்க வேணும்."

மெஷின் சத்தம் நின்றது. அவரே நிறுத்தினாரோ, வெளியே வந்துவிட்டாரோ தெரியாது.

"அப்ப வண்டி முடிஞ்சுதுங்கற?"

"முடிஞ்சுது."

"சொன்னா சொன்னதுதான்" என்றார் மெதுவாக. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இன்னிக்கே லீவு எழுதிக் கொடுத்துடறேன்."

போனை வைத்தேன். நாத்தனார் இன்னும் மூடி திறக்காத டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணி, நாம இன்னும் ஒண்ணுமே ஒட்டலையே."

"தெரியும். மூடியத் திற. அப்படியே அந்தக் கம்பியையும் அடுப்புல வச்சுக் காயவை."

அவர் மனசு மாறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.